கோபோ அண்ணையும் வேர்ப் பொரியலும்

சிட்னியில் பரமட்டா ரயில் பாதையை ஒட்டி எழுபதுகளில் குடியிருந்த தமிழர்கள் அடைந்த வெட்கத்தில் பாதி கோபோ அண்ணையால் வந்தது. மீதிப் பாதியும் அவரால்தான் வந்தது என்பது என் கருத்து. ஆதாரம் கையில் இல்லாததால் அடித்துச் சொல்லவில்லை.

கோபோ என்பது அவர் பெயர் அல்ல. ஜப்பானியர்கள் சமைத்துச் சாப்பிடும் ஒரு வேரின் பெயர். பெருவிரல் தடிமன், கை நீளம், மண் நிறம். யாரோ வேலியிலிருந்து பிடுங்கிப் போட்ட கம்பு என்றுதான் முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் ஒரு கம்பெனியில் இயந்திர வரைபடம் வரைபவராக இருந்தபோது, பயிற்சிக்கென்று அவரை ஒரு வருடம் ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போகும்போது பெட்டி படுக்கையோடு தீராத மலச்சிக்கலையும் கொண்டுபோனார். அங்கே விடுதிச் சமையற்காரர் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இந்த வேரைப் பொரியல் செய்து வைத்தார். கின்பிரா என்று அதற்குப் பெயராம். அண்ணை விடாமல் சாப்பிட்டார்.

"ஒருநாள் காலமை, தம்பி," என்று அவர் கதையைத் தொடங்கும்போதே நான் எழுந்து போய்விடுவேன். ஏனென்றால் அந்தக் காலையை அவர் ஒன்றும் மறைக்காமல் வர்ணிப்பார்.

ஜப்பானில் என்ன தொழில்நுட்பம் கற்றீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். அந்த வேரைப் பற்றிக் கேட்டால் யோசிக்க மாட்டார். கேட்காவிட்டாலும் யோசிக்க மாட்டார்.

காலையில் கிரான்வில் ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் ஒரே ரயில் ஏறுவோம். எதிர் இருக்கையில் கோட்டும் டையுமாக ஒரு வெள்ளைக்காரர் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். அண்ணை அவரைக் கூர்ந்து பார்ப்பார். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்துவேன்.

"குட் மார்னிங்," என்று அண்ணை ஆங்கிலத்தில் தொடங்குவார். "உங்களுக்கு ஒழுங்காப் போறேல்லை. முகத்திலை தெரியுது."

அந்த மனிதர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். அது அவர் இறங்கவேண்டிய ஸ்டேஷனாக இருக்காது.

"அண்ணே, ஏன் அண்ணே இப்படி?" என்று தாளுக்குப் பின்னாலிருந்தே கேட்பேன்.

"உமக்கு வெக்கம். அவருக்கு வருத்தம். எது பெரிசு?" வருத்தம் என்றால் அவர்கள் ஊரில் நோய்.

நாங்கள் மூவர், ஜாக் என்ற கிழவரின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நான், அண்ணை, கணக்கியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பாலன். வெள்ளையர் அல்லாதோருக்கு நாட்டின் கதவு அப்போதுதான் சட்டப்படி முழுதாகத் திறந்திருந்தது. வீட்டுக் கதவுகள் அந்த அளவுக்குத் திறக்கவில்லை. தொலைபேசியில் "அறை இருக்கிறது, வாருங்கள்" என்பார்கள். நேரில் போய் நின்றால் அறை அந்த நிமிடம்தான் வேறொருவருக்குப் போயிருக்கும். ஜாக் மட்டும் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இரவில் பாடுவீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். சாவியைக் கொடுத்தார்.

மனைவியை இழந்தவர். முன்பகுதியில் தனியாக இருந்தார். எங்கள் குசினி, அதாவது சமையலறைப் பக்கம் வந்தால் தோசை, வடை, மீன்குழம்பு எல்லாம் ருசி பார்ப்பார். சோறு மட்டும் தொடமாட்டார். "அதில் என் பங்கைத் தின்று முடித்தாயிற்று" என்பார். வெள்ளைக்காரர் நகைச்சுவை என்று நாங்களும் மரியாதைக்குச் சிரித்து வைப்போம்.

1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. இங்கிலாந்து ராணி ஒபரா ஹவுஸைத் திறந்து வைத்த நாள். சிட்னியே துறைமுகத்தில் அண்ணாந்து நின்றது. கோபோ அண்ணை வீட்டின் பின்வளவுத் தோட்டத்தில் குனிந்து நின்றார். ஹேமார்க்கெட்டில் ஒரு சீனக் காய்கறிக்காரரிடம் கோபோ விதை கிடைத்துவிட்டதாம். கிடைத்த அன்றே விதைத்தாக வேண்டுமாம்.

"ராணி வந்திருக்காங்க அண்ணே. இனி எப்ப வருவாங்களோ!"

"ராணி எப்பவும் வரலாம் தம்பி. விதைப்புக் காலம் போனா வராது. மண்வெட்டியை எடும்."

இந்த வேர் நேராகக் கீழே இறங்குவது. மண் இறுகியிருந்தால் கோணிக்கொண்டு போய்விடும். ஆகவே இடுப்பளவு ஆழம் வெட்டி, மண்ணைச் சலித்து, மணல் கலந்து மறுபடி நிரப்ப வேண்டும். அண்ணை அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தார். குழி நீள்சதுரமாக, ஓரம் சீவினாற்போல, சரியாக ஓர் ஆள் நீளத்துக்கு வந்தது. நானும் பாலனும் இரண்டு பக்கமும் தலையைக் குனிந்து நின்றோம். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக ஒருதரம் பார்த்தார். மறுபடி பார்க்கவில்லை. போலீஸ்தான் வந்தது.

இளம் கான்ஸ்டபிள். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு குழியின் ஓரத்தில் நின்றார்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான்," என்றார் அண்ணை, குழிக்குள் நின்று வியர்வையைத் துடைத்தபடி. "இவை ரெண்டு பேருக்கும் உண்டு. நல்லா வந்தா உங்களுக்கும் ஒண்டு தாறன்."

கான்ஸ்டபிள் ஓரடி பின்னால் போனார். எனக்கு அந்தக் குழியிலேயே இறங்கிப் படுத்துவிடலாம் போல இருந்தது. நல்லவேளையாக, செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஜாக் வெளியே வந்தார். "என் தோட்டம். என் ஆட்கள். ருபார்ப் போடுகிறார்கள். போய் வேறு வேலை பார்," என்றார். அகலமான இலையும் சிவந்த புளிப்புத் தண்டும் உள்ள ஒரு செடியைத்தான் ருபார்ப் என்பார்கள். பிறகு முளைத்த கோபோவின் இலையும் அதே சாயலில் வந்ததால், நெடுநாள் ஜாக் அதை ருபார்ப் என்றே நம்பினார். நாங்களும் திருத்தவில்லை. "என் ஆட்கள்" என்று இந்த நாட்டில் எங்களைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

வேர் முற்றி வந்தது 1974 குளிர்காலத்தில். சமையல் ஒரு சடங்குபோல நடந்தது. தோலைச் சீவக் கூடாது, கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டத்தான் வேண்டும். "மணமும் சத்தும் தோலுக்குப் பக்கத்திலைதான் இருக்கு." பிறகு வேரைக் கையில் சுழற்றிக்கொண்டே பென்சில் கூராக்குவதுபோலச் சீவுவார். நாளெல்லாம் ஆபீசில் பென்சில் கூராக்கிய கை அல்லவா, செதில் செதிலாகத் தண்ணீரில் விழும். தண்ணீர் தேயிலைச் சாயம்போல் பழுப்பாகும். ஜப்பானியர் அதைக் கொட்டிவிடுவார்களாம். அண்ணை ஒரு கோப்பையில் ஊற்றிக் குடித்துவிடுவார். பிறகு கேரட், நல்லெண்ணெய், காய்ந்த மிளகாய், கொஞ்சம் சீனி, சோயா சோஸ், கடைசியில் வறுத்த எள்ளு. வாசனை நன்றாகவே இருக்கும். அதை நம்பி ஏமாந்து ஒரு வாய் வைத்தால், தாடை தன் பாட்டில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

"அண்ணை, இது கறியோ, தும்புத்தடியோ?" என்று பாலன் கேட்டான். தும்புத்தடி என்றால் அவர்கள் ஊரில் விளக்குமாறு.

"எடேய், அந்தத் தும்புதான்டா சத்து. நார்ச்சத்து. பிறகு பொட்டாசியம், மக்னீசியம். கொழுப்பு இல்லை. வயிறு நிரம்பும், உடம்பு ஊதாது."

"எங்க ஊர்ல வாழைத்தண்டு இருக்கே, அண்ணே," என்றேன் நான், தாய்நாட்டுப் பற்றோடு.

"வாழைத்தண்டு நல்லது. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அது பாலர் வகுப்பு. இது பல்கலைக்கழகம்."

அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா ஜூலை நடுவில், ஆடிப்பிறப்பு அன்று நடந்தது. சாலைகளில் மைல் பலகைகளைக் கழற்றிவிட்டுக் கிலோமீட்டர் பலகைகளை மாட்டிய மாதம் அது. அதனால் எனக்கு மறக்காது. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு டாக்டர் வீட்டில் ஊர்த் தமிழர் எல்லோரும் கூடினோம். ஆடிக்கூழ், கொழுக்கட்டை, மதியச் சாப்பாடு. சாயந்தரம் டாக்டரின் மனைவி வீணை வாசிப்பதாக ஏற்பாடு. அண்ணை ஒரு பெரிய சட்டி நிறையக் கின்பிரா கொண்டு வந்திருந்தார்.

மறுத்தால் மனம் புண்படுமே என்று எல்லோரும் ஒவ்வொரு கரண்டி வாங்கினார்கள். அண்ணை பந்தி பந்தியாக நின்று விளக்கினார்.

"இதிலை இனுலின் எண்டு ஒரு சத்து. அது எங்களுக்குச் செரிக்காது."

"செரிக்காததை ஏன் தம்பி தாறீர்?" என்று ஒரு ஆன்ட்டி, அவர்கள் பேச்சில் அன்ரி, பயந்து கேட்டார்.

"எங்களுக்கில்லை, அன்ரி. கீழ்க்குடலிலை கோடிக்கணக்கிலை சீவராசியள் இருக்கு. இது அதுகளுக்கு விருந்து. அதுகள் நல்லா இருந்தா நாங்கள் நல்லா இருப்பம்."

"விஞ்ஞானப்படி சரியான விசயம்," என்று சொல்லி டாக்டர் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். டாக்டரே வாங்குகிறாரே என்று மற்றவர்களும் வாங்கினார்கள்.

சாயந்தரம் ஜன்னல்களைச் சாத்தி, கணப்பு மூட்டி, எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். டாக்டரின் மனைவி கண்ணை மூடி ராகத்தை விரித்தார். மெல்ல மேலே போய், ஓரிடத்தில் தந்தியின் அதிர்வு அடங்கட்டும் என்று கையை எடுத்து நிறுத்தினார். கூடம் மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தது.

அந்த இடைவெளியில் டாக்டர் உட்கார்ந்திருந்த சோபாவிலிருந்து ஒரு பதில் வந்தது.

யாரும் அசையவில்லை. அந்த அம்மாள் பெருந்தன்மையாக மறுபடி தொடங்கினார். அடுத்த இடைவெளியில் ஜன்னல் பக்கத்திலிருந்து இன்னொன்று. பிறகு பயந்து கேட்ட அன்ரி. பிறகு இடைவெளிக்குக்கூட யாராலும் காத்திருக்க முடியவில்லை. நான் இரண்டு முழங்காலையும் இறுக்கிக்கொண்டு, சரித்திரப் புத்தகப் பைத்தியமான எனக்குத் தெரிந்த அரசர்களின் ஆட்சி ஆண்டுகளை வரிசையாக மனத்தில் சொல்லிப் பார்த்தேன். சோழர்கள் முடியும்வரை தாங்கினேன். பாண்டியர்களில் தோற்றேன்.

எல்லோரும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் ஆனந்தமாக எழுந்தது.

"கேட்டியளோ? அது வேலை செய்யுது!"

அந்த வீட்டிலிருந்து நவராத்திரிக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. பரமட்டா கடைத்தெருவில் அந்த அன்ரி எங்களைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்.

இதுவரை பட்டது சிரிக்கக்கூடிய வெட்கம். இனி எழுதப்போவது அந்த வகை அல்ல.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. ஜாக் சில நாட்களாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெள்ளை ரொட்டியும் டின் இறைச்சியும் பியரும்தான் அவர் சாப்பாடு. அண்ணைக்குப் பொறுக்கவில்லை. மிளகாயைக் குறைத்து, செதிலை இன்னும் மெலிதாகச் சீவி, நல்ல கிண்ணமாகத் தேடி எடுத்து கின்பிரா வைத்து எடுத்துக்கொண்டு முன்பகுதிக்குப் போனார். துணைக்கு என்னையும் அழைத்தார்.

ஜாக் முள்கரண்டியால் கொஞ்சம் எடுத்து மென்றார். மெல்லுவது மெதுவாகி நின்றது.

"இது என்ன?"

"உங்கள் தோட்டத்து வேர்தான்," என்றார் அண்ணை உற்சாகமாக. "ருபார்ப் இல்லை. ஜப்பானியர் சாப்பிடுவது. கோபோ."

ஜாக் கைக்குட்டையை எடுத்து வாயிலிருந்ததை அதில் துப்பினார். மடித்தார். மேசையில் வைத்தார். 

"யுத்தத்தில் ஜப்பானியரின் கைதி முகாமில் எங்களுக்கு இதைத்தான் போட்டார்கள். மரத்தின் வேர். பன்றிக்குக்கூடப் போடமாட்டோம் என்று சொல்லிச் சொல்லித் தின்றோம். என் பக்கத்தில் படுத்திருந்தவன் இது வாயில் இருக்கும்போதே செத்தான்."

எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"மாதம் முடிவதற்குள் மூன்று பேரும் போய்விடுங்கள்."

சிங்கப்பூர் வீழ்ந்து ஆஸ்திரேலியப் படையினர் ஆயிரக்கணக்கில் ஜப்பானியரிடம் கைதியான தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: 1942 பிப்ரவரி 15. யுத்த வரலாறுகள் என் கட்டிலுக்கடியில் அடுக்கி இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மனிதர் அன்று அங்கே இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அவர் ஏன் சோறு தொடுவதில்லை என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

குசினியில் பாலன் கொதித்தான்.

"முடிஞ்சுது. உங்கட தும்புத்தடி எங்களைத் தெருவிலை கூட்டி விட்டிட்டுது. பரீட்சை வருது, அண்ணை! இந்த முகத்தை வச்சுக்கொண்டு இன்னொரு அறை எங்கை தேடுறது?"

அண்ணை கதிரையில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. "அண்ணே, நீங்க போய் விளக்கிச் சொல்லுங்க. இது மரவேர் இல்ல, காய்கறிதான். ஜப்பான்ல வீட்டுக்கு வீடு சாப்பிடுறாங்க. முகாம் காவல்காரன் தான் தின்னதையே இவங்களுக்கும் குடுத்திருக்கலாம். சத்தான பொருள். ரயில்ல முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் சொல்றீங்களே, இவருக்குச் சொல்லக் கூடாதா? கேட்டா மனசு மாறிடுவார்."

"சொல்ல ஏலாது."

"ஏன் அண்ணே? உண்மைதானே?"

"உண்மைதான்." அவர் நிமிரவில்லை. "பசியிலை கிடந்து, பக்கத்திலை செத்தவனைப் பார்த்துக்கொண்டு திண்ட மனுசன் அவர். அவருக்கு நான் போய்ப் பொட்டாசியம் கதை சொல்லுறதோ? வெக்கமாயில்லையோ தம்பி?"

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாலன் அடுப்பை அணைத்தான்.

விடிந்ததும் மழை. அண்ணை ஆபீசுக்குப் போகவில்லை. பின்வளவில் கோபோப் பாத்தியைத் தோண்டிக்கொண்டிருந்தார். விதைக்கென்று விட்டிருந்த செடிகளையும் விடவில்லை. பாதியில் முறிந்த வேர்களுக்காகச் சேற்றில் முழங்காலிட்டு, கையை விட்டு, நுனிவரை தேடி எடுத்தார். நாங்கள் உதவிக்குப் போனபோது, "நீங்கள் வரவேண்டாம், நான் நட்டது," என்றார். ஜாக்கின் ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருந்தது.

எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தெருக் குப்பைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, சேற்றோடு ஜாக்கின் கதவைத் தட்டினார். மழையில் நின்றபடியே பேசினார்.

"எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்துவிட்டேன். மன்னியுங்கள். தோட்டத்தில் இனி அது இல்லை. பிள்ளைகள் இருவரும் இருக்கட்டும். நான் போகிறேன்."

மொத்தம் அவ்வளவுதான். அண்ணை ஓர் உரையை அத்தனை சீக்கிரம் முடித்து நாங்கள் கண்டதில்லை.

ஜாக் அவரைப் பார்த்தார். பிறகு அவரைத் தாண்டி, தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்த ஆள் நீளக் குழியைப் பார்த்தார். உள்ளே போனார். மழைக்கோட்டும் மண்வெட்டியுமாக வெளியே வந்தார்.

"இதை இப்படித் திறந்து போட்டால் இருட்டில் விழுந்து கழுத்தை முறித்துக்கொள்வேன்," என்றார்.

இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று குழியை மூடினார்கள். நானும் பாலனும் குசினி ஜன்னலில் நின்றோம். பாதி மூடியதும் ஜாக் மண்வெட்டியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. எதற்காக அதைத் தின்றாய்?"

நான் மனத்துக்குள் கும்பிட்டேன். நார்ச்சத்து வேண்டாம் அண்ணே. இனுலின் வேண்டாம் அண்ணே.

அண்ணை ஒரு வெட்டு மண்ணை அள்ளிக் குழியில் போட்டார்.

"எனக்குப் போவதில்லை," என்றார்.

ஜாக்கின் முகத்தில் ஏதோ அசைந்தது. முதலில் இருமல் என்று நினைத்தோம். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கும்தான். நாற்பத்தைந்தில் முகாமை விட்டு வந்த நாளிலிருந்து." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது மழையாகவும் இருக்கலாம். பிறகு உள்ளே போய், வயிற்றை இளக்கும் உலர்ந்த பிளம்ஸ் பழ டின் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணையின் சேற்றுக் கையில் வைத்தார். "இரவில் ஆறு. அதற்கு மேல் போகாதே. நான் சொல்வதைக் கேள்."

அண்ணை கேட்டார். மாத முடிவு வந்தது, போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. செப்டம்பரில் அந்தப் பாத்தியில் ஜாக் தக்காளி போட்டார். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அண்ணைக்கு.

கோடையில் ஒரு மாலை, தோட்டத்தில் நாங்கள் நால்வரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்ட்ராத்ஃபீல்டு டாக்டர் ஒருவழியாக மனம் ஆறி எங்களைப் பார்க்க வந்திருந்தார். ஜாக்கும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தார். "எங்கே உங்களுடைய அந்தப் பிரபலமான ஜப்பானிய வேர்? இந்தத் தோட்டத்தில்தானே வளர்த்தீர்கள்?"

ஜாக் தக்காளிச் செடியைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். எத்தனை வருடமாக யாரும் கேட்காமலே அவர் சொல்லி வந்த விஷயம். இப்போது ஒரு டாக்டரே வந்து கேட்கிறார்.

"என்ன வேர்?" என்றார் கோபோ அண்ணை. "நீங்கள் வேறு யாரையோ நினைக்கிறீர்கள், டாக்டர்."

அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவருக்கு நாலு ஆள் தள்ளியே உட்காருவது என் வழக்கம். அன்று நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.